டப்பாவில் பதினேழு போல்ட்

இந்த இனத்தை முகம் பார்த்து அடையாளம் காண முடியாது, வாசகரே. காலைத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்காசியின் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். பதினைந்து வயதான ஒரு காருக்கு அடியில் சாக்கு விரித்திருக்கும். அதிலிருந்து, மடித்துக் கட்டிய லுங்கியோடு, இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் கட்டைவிரல் அசையும். “ஒண்ணுமில்ல, அஞ்சு நிமிஷ வேல” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அவர்தான். தன் வண்டிக்குத் தானே மெக்கானிக்.

எங்கள் தெருவில் அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் முத்துக்குமாரசாமி. பக்கத்து வீடு. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். கார் அவர் வாங்கியதல்ல. மாமனார் பால்வண்ணநாதன் ஆசையாக வாங்கி, துடைத்துத் துடைத்து ஓட்டி, அவர் காலமான பிறகு மகள் யோகலட்சுமிக்கு வந்தது. அதாவது வண்டி அவளுடையது, வைத்தியம் இவருடையது.

இந்த இனத்தாரிடம் மெக்கானிக் என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முகம் போகும் போக்கே வேறு. “அவன் என்னத்த அண்ணாச்சி பெருசா பண்ணுதான்? கழட்டுதான், மாட்டுதான். அத நம்ம பண்ண மாட்டமா?” கழற்றுவது உண்மை. மாட்டுவதும் பெரும்பாலும் உண்மை. பாடம் எல்லாம் போனில் பார்க்கும் வீடியோதான். அதில் பேசுகிறவர் புளியரைக்கு அந்தப் பக்கத்துக்காரர், மலையாளம். இவருக்குப் பாதி புரியும். வீடியோவில் இருப்பது வேறு கார். அதனால் என்ன? எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தானே?

ஆயுதங்கள் சமையலறையிலிருந்து வரும். எண்ணெய் வடிக்க டீ வடிகட்டி, துடைக்க இட்லித் துணி, தட்டிச் சரிசெய்யப் பூரிக்கட்டை, கதவுக் கீல் கத்தினால் நல்லெண்ணெய். போனது எதுவும் அடுக்களைக்குத் திரும்பாது; திரும்பினாலும் யோகலட்சுமி சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

வேலையின் பலன்களையும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டரை இவர் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து வண்டி சரிவில் மட்டும்தான் கிளம்பும். ஆகவே சரிவில்லாத ஊர்களோடு இவர் உறவை முறித்துக்கொண்டார். சுரண்டையில் மச்சினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. மண்டபம் சமதரையில் இருந்தது. சென்ற ஆண்டு ஒயரிங்கில் கை வைத்தார். அதன்பின் ஹாரனை அமுக்கினால்தான் வைப்பர் அசையும். சாரல் காலத்தில் குற்றாலம் போகிற வழியெல்லாம் ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போவார். ஏதோ அவசரமென்று ஆம்புலன்ஸே ஒருநாள் ஒதுங்கி வழி விட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த டப்பா. பழைய பிஸ்கட் டப்பா. ஒவ்வொரு முறை வண்டியைப் பிரித்துப் பூட்டியதும் ஒன்றோ இரண்டோ போல்ட் மிஞ்சும். உங்களுக்கும் எனக்கும் அப்படி மிஞ்சினால் வண்டியை மறுபடி பிரிப்போம். இவருக்குப் பெருமை பிடிபடாது. “கம்பெனிக்காரன் ஒரு சப்போர்ட்டுக்குப் போடுதது அண்ணாச்சி. அவசியமில்ல” என்று டப்பாவில் போட்டு, மூடி, ஒரு குலுக்குக் குலுக்கி, காதில் வைத்துக் கேட்பார். அந்தச் சத்தத்தில் அவருக்குத் தன் திறமை கேட்கும் போலிருக்கிறது.

ஒரே ஒரு முறை யோகலட்சுமி, “மெக்கானிக்கிட்ட ஒருதடவ காட்டிருவமா?” என்று கேட்டுவிட்டாள். பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. காபிக்கு என் வீட்டுக்கு வந்தார். பதினோரு நாளும் எனக்கு கார்புரேட்டரைப் பற்றி விளக்கினார். அந்த வண்டியில் கார்புரேட்டரே கிடையாது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

இந்த ஜூலையில் வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்தது. திங்கட்கிழமை எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ஆகாது என்று சொல்லிவிட்டால் வண்டி பழைய இரும்புக்குத்தான். முத்துக்குமாரசாமி சனிக்கிழமையே களத்தில் இறங்கிவிட்டார். “பிரேக் இன்ஸ்பெக்டர் மொதல்ல பிரேக்கத்தான பாப்பாரு?” என்று நாலு சக்கரத்தையும் கழற்றினார். சாயங்காலம் பூட்டி முடித்தபோது நாலு போல்ட் மிச்சம். டப்பாவில் மொத்தம் பதினேழு.

அவர் கை கழுவப் போன நேரத்தில் யோகலட்சுமி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, அது எங்கப்பா வச்சிருந்த வண்டி. ஃபெயிலாச்சுன்னா இரும்புக்கடைக்குப் போயிரும். பாஸாச்சுன்னா இவுக என்னைய அதுல உக்கார வச்சு செங்கோட்டை தாண்டி மலையேறுவாக. எது மோசம்னு எனக்குத் தெரியல.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

“என்ன செய்யணும், சொல்லு.”

“நாளைக்குக் காலைல இவுகள அருவிக்குக் கூட்டிட்டுப் போங்க. பத்து மணி வரைக்கும் விட்டுராதீங்க.”

மறுநாள் விடியற்காலையில் அவள் கணவரிடம் தேன் ஒழுகப் பேசியதை என் காதால் கேட்டேன். “நேத்து முழுக்க வேல பாத்து அலுத்துப் போயிருக்கீங்க. ஒரு அவசரமும் இல்ல. நல்லா எண்ண தேச்சு, நிதானமா குளிச்சுட்டு வாங்க.” முத்துக்குமாரசாமி உருகிவிட்டார். என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் தெருமுனை திரும்பியதும், மெக்கானிக் யஹ்யா ஆட்டோவில் சாமான் பையோடு வந்து இறங்கினாராம்.

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்க்கிறவரிடம் சொல்லி இரண்டு சுற்று தேய்க்க வைத்தேன். குளித்தோம். பழைய குற்றாலத்துக்குப் போய் மறுபடியும் குளித்தோம். எட்டரைக்கெல்லாம் அவர், “போவமா அண்ணாச்சி, வண்டிய ஒரு பார்வ பாக்கணும்” என்று துண்டைப் பிழிந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. “ஆமா, இந்த கியர்னு சொல்லுதாங்களே, அது உள்ள என்ன செய்யுது?” என்று கேட்டேன். ஒன்றே கால் மணி நேரம் ஈர வேட்டியோடு நின்று கேட்டேன். நட்புக்காக நான் பட்ட பாடுகளில் அது முக்கியமானது.

வீட்டில் நடந்ததை யோகலட்சுமி பிறகு சொன்னாள். யஹ்யா சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாராம். “அக்கா, இதுலயா நீங்க போய்க்கிட்டு இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டு, டப்பாவை வாங்கி, பதினேழு போல்ட்டையும் அதது இருந்த இடத்தில் பூட்டினாராம். ஒயரையும் ஸ்டார்ட்டரையும் சரி செய்தாராம். அவர் கிளம்பும்போதுதான் யோகலட்சுமிக்கு டப்பா ஞாபகம் வந்திருக்கிறது. காலி டப்பாவைக் குலுக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! யஹ்யா தன் பையின் அடியில் கிடந்த பழைய போல்ட்டுகளில் பதினேழை எண்ணிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒன்று, பாவூர்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றும் டெம்போவிலிருந்து கழன்றது. விரல் நீளம்.

திங்கட்கிழமை வண்டி சமதரையிலேயே கிளம்பியது. ஹாரன் ஹாரனாகவும் வைப்பர் வைப்பராகவும் இருந்தன. முத்துக்குமாரசாமி அசரவில்லை. “நான் போட்ட ஒயரிங் இப்பத்தான் செட்டாயிருக்கு. கொஞ்ச நாள் எடுக்கும்” என்றார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்தார், மிதித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்தாண்டுக்குக் கவலையில்லை. யோகலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் திறமையைப் பார்த்துத்தான் மனைவி நெகிழ்ந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அன்று மாலை டப்பாவோடு என் வீட்டுக்கு வந்தார். திறந்து, அந்த விரல் நீள போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“இது எந்த எடத்துல கழட்டுனதுன்னே ஞாபகம் வரல அண்ணாச்சி. எம்புட்டுப் பெருசு பாருங்க! பதினேழும் இங்கன கெடக்கு. இன்ஸ்பெக்டர் ஓக்கேன்னுட்டாரு. நான் அப்பவே சொன்னனா இல்லியா?”

“சொன்னீங்க” என்றேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “நல்ல மனுஷன்யா” என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் எட்டுப் பத்துப் பேருக்கு நகக்கண்ணில் கறுப்பாக கிரீஸ் இருந்தது. எல்லோரும் மிக நிதானமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் வீட்டில் அவசரமில்லை போலும்.

உங்கள் வீட்டில் கார் இல்லாமல் இருக்கலாம். மிக்ஸியோ மோட்டாரோ இருக்கும். இரண்டு திருகாணி மிஞ்சியிருக்கும். அதைப் போட்டு வைக்க ஒரு டப்பாவும் இருக்கும். கடைசியாக உங்களை யார், என்றைக்கு, “ஒரு அவசரமும் இல்ல, நல்லா குளிச்சுட்டு வாங்க” என்று அன்பாக அனுப்பி வைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு டப்பாவைத் திறந்து, உள்ளே கிடப்பது நீங்கள் கழற்றியதுதானா என்று பாருங்கள்.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, ஃபேனைப் பிரித்த காலத்திலிருந்து. நான் இன்னும் திறக்கவில்லை.