பார்னியின் போர்வை துவைத்ததுதான்

ரான்ஃபர்லி,
ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு.

அன்புத் தங்கச்சி பெரிலுக்கு,

அக்கா நைரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இடது முட்டியும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம். ஓமரூவில் நீயும் உன் ஆஸ்துமாவும் உன் கொட்டகைக் கோழிகளும் அதேபோல இருக்கவேண்டும் என்று கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், நீ எட்டு வரைக்கும் போனவள், அதனால் எங்கே மூச்சு விடவேண்டுமோ அங்கே நீயே விட்டுக்கொள், எனக்கு நிறுத்த நேரமில்லை.

பக்கத்து வீட்டு நோலீன் உனக்கு போன் பண்ணியிருப்பாள். "உங்கக்கா முர்டோ ஷெட்டுல எழுந்து நின்னு கத்துனா, டனீடன்லேர்ந்து வந்த பெரிய மனுஷன் தட்டுலேர்ந்து சீஸ் ரோலைப் பிடுங்கிட்டா" என்று சொல்லியிருப்பாள். இரண்டும் உண்மைதான். ஆனால் ஏன் என்று அவளுக்குத் தெரியாது, அவள் என்னை இறக்கிவிட்டு வாசலில் காரைத் திருப்பத் தெரியாமல் திருப்பிக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், கேள்.

என் மகன் ஆலனோட மூத்த பிள்ளை லாக்லன், தண்ணி மீட்டர் கணக்கெடுக்கிற வேலை இந்தப் பக்கம் மாற்றலாகி, இரண்டு வருஷமாக என் பின்னறையில் இருக்கிறான் இல்லையா. தங்கமான பிள்ளை, ஆனால் வாயைத் திறக்க மாட்டான். காலையில் "வரேன் பாட்டி", சாயங்காலம் "வந்துட்டேன் பாட்டி", அவ்வளவுதான். பீர் காய்ச்சுகிற நாள் மட்டும் வேறு ஆள். என் துணி துவைக்கிற அறையில் பானையை ஏற்றிவிட்டான் என்றால், மால்ட்டுங்கிற முளைகட்டின பார்லி இந்தச் சூட்டில்தான் ஊறணும் பாட்டி, ஹாப்ஸ் பூவை முன்னாடி போட்டா கசக்கும் கடைசியில போட்டா மணக்கும் பாட்டி என்று நான் உருளைக்கிழங்கு உரித்து முடிக்கிற வரைக்கும் பேசுவான். அந்தப் பேச்சுக்காகவே அந்த அறையை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் துணியைக் குளியல் தொட்டியில் துவைக்கிறேன்.

அவனை மாதிரி வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், முர்டோவின் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஷெட்டில் கூடுவார்கள். ஒருத்தர் காய்ச்சியதை எல்லோரும் குடித்துப் பார்த்து மார்க் போடுவார்கள். யாருடையது என்று தெரியக்கூடாது, அதனால் ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு பழைய கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து வரிசையாக நிறுத்துவார்கள், பார்க்க ஏதோ காலில்லாத பட்டாளம் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு பால் கேன். பிடிக்காத பீரை அதில் கொட்டலாம். யார் பீர் அதிகமாகக் கேனுக்குள் போகிறதோ அவர் அடுத்த மாதம் வரைக்கும் எல்லாருடைய காலி பாட்டிலையும் கழுவித் தரவேண்டும். லாக்லன் சேர்ந்த நாளிலிருந்து கழுவிக்கொண்டேயிருக்கிறான். முர்டோவுக்கு என்னைக் கடையில் பார்த்தால் போதும், "ஏம்மா நைரி, உன் பேரன் பீர்ல தேறாட்டியும் பாட்டில்ல தேறிட்டான், என் பாட்டில்ல முகம் பாத்துச் சவரம் பண்ணலாம்" என்பான். அவனே முப்பது வருஷமாக ஒரே பீரைக் காய்ச்சுகிறவன், அதில் முகம்கூடத் தெரியாது.

ஜூனில் குளிர்காலம் தொடங்கும்போது லாக்லன் ஒரு பொன்னிற பீர் போட்டான். பீர் புளிக்கிற டிரம்மை மூடிவிட்டு, "பாட்டி, ஆகஸ்ட் கூட்டத்துக்கு டனீடன்லேர்ந்து நிஜமான ருசி பாக்கிறவர் ஒருத்தர் வராரு. இதுவும் கேனுக்குள்ள போச்சுன்னா டிரம், பானை எல்லாத்தையும் வித்துடப் போறேன்" என்றான்.

"வித்துட்டு என்னடா பண்ணுவே?"

"மீட்டர் பாப்பேன்."

நீயே சொல் பெரில். டிரம் போனால் பேச்சும் போய்விடும், அப்புறம் நானும் அவனும் எதிரெதிரே உட்கார்ந்து உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவேண்டியதுதான்.

மறுநாளே அவனை ஆபீஸில் ஏதோ பயிற்சி என்று அலெக்சாண்ட்ராவுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "டிரம்மைத் தொடாதே பாட்டி, திறக்காதே, சூட்டுப் பட்டை கட்டியிருக்கேன், அது பாத்துக்கும்" என்று மூன்று தடவை சொன்னான். அவன் போன அன்றைக்கே பனி கொட்டியது. கம்பி அறுந்து கரண்டு போனது, போனும் போனது, சூட்டுப் பட்டையும் செத்தது. அதுவரைக்கும் டிரம்மின் மூடிமேல் இருக்கிற குழாய் 'களுக், களுக்' என்று எனக்குத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தது, விடிந்து பார்த்தால் சத்தமே இல்லை. உள்ளே இருக்கிற ஈஸ்ட்டும் உயிர்தானே, விறைத்துப்போனால்? தொடாதே என்றான், சாகவிடு என்று சொல்லவில்லையே. ஒரு கம்பளியைப் போர்த்தினேன், போதவில்லை. அப்போதுதான் நம்ம பார்னி குதிரையோட போர்வை ஞாபகம் வந்தது. அப்பா ஜோடியாக வாங்கினது, பார்னியோடது என்னிடம், மற்றது உன் கொட்டகையில். அதை எடுத்து டிரம்மை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர்ப் பை வைத்து, உயிர் இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை மூடியைத் தூக்கிப் பார்த்து, மறுபடியும் மூடினேன். மறுநாள் 'களுக்' என்றது பார், நான் அழுதேவிட்டேன். லாக்லன் வருவதற்குள் போர்வையை எடுத்து ஒளித்துவிட்டேன். அவனும் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலில் அடைத்தான். "ஒண்ணைத் திறந்து பாரேன்டா" என்றேன். "பாத்தா இருக்கிற தைரியமும் போயிடும்" என்றான்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். ரொட்டிக்குள் சீஸைச் சுருட்டி வாட்டி, அந்த சீஸ் ரோலைக் கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன். காலுறைகள் வரிசையாக நிற்கின்றன. யாருடையது என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு காலுறையின் குதிகாலில் நான் சிவப்பு நூலால் தைத்த தையல். அது கடைசியில் நின்றது. டனீடன்காரர் பெயர் டேமியன், ஆட்டுத்தாடி, விரலெல்லாம் மெலிசு. முதல் பாட்டிலை மோந்துவிட்டு, "சுத்தமா இருக்கு, எளிதா குடிக்கலாம்" என்றார். நல்ல மார்க்தான் போல என்று நினைத்தேன். கறிக்கடை ஹினேமோவா என் காதில், "அய்யோ அத்தை, அது துக்க வீட்டுல 'நல்ல மனுஷன்'னு சொல்ற மாதிரி" என்றாள். சொன்னாற்போல ஆளாளுக்கு எழுந்து அதைக் கேனில் கொட்டினார்கள், முர்டோவின் காது மட்டும் சிவந்தது. அடுத்ததை, "வெண்ணெய் போட்ட சோளப்பொரி" என்றார், அதைக் காய்ச்சியவர் தலையைத் தொங்கப்போட்டார். வெண்ணெய்க்கே இந்த கதி என்றால் நம்ம பிள்ளைக்கு என்ன கதியோ என்று நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

சிவப்புத் தையல் வந்தது. டேமியன் மோந்தார். மறுபடி மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். லாக்லன் எதிரே ஆட்டுப் பட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், விரல் வெளுத்துப் போய்விட்டது.

"குதிரை" என்றார் டேமியன். "குதிரைப் போர்வை. வேர்த்த குதிரைமேல கிடந்த பழைய போர்வை. அடியில கொஞ்சம் ஈர வைக்கோல்."

எனக்கு என்ன ஆனதென்று தெரியாது பெரில், முட்டி வலி மறந்துபோய் எழுந்துவிட்டேன். "அந்தப் போர்வையை நான் துவைச்சேன்!" என்று கத்தினேன். "ரெண்டு தடவை துவைச்சேன்! பார்னி உங்க தாடியைவிடச் சுத்தமான குதிரை! என் சீஸ் ரோலைத் தின்னுட்டு இந்தப் பீர்ல குதிரை நாறுதுன்னு சொல்றீங்களே, குடுங்க இப்படி!" என்று தட்டைப் பிடுங்கிவிட்டேன்.

லாக்லன் மெதுவாக, "எந்தப் போர்வை, பாட்டி?" என்றான்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பனி, கரண்டு, வெந்நீர்ப் பை, ஒரே ஒரு தடவை தூக்கின மூடி. டேமியன் வாயைப் பிளந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நான் திட்டலை. இந்த வாசனைக்காக ஆளுங்க மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா ஊறப்போட்டுக் காத்திருக்காங்க, வந்தபாடில்லை. நான் முழு மார்க் எழுதிட்டுத்தான் வாயைத் திறந்தேன்" என்றார். அப்போதுதான் பார்த்தேன், எல்லார் கிளாஸும் காலி, ஒருத்தரும் கேன் பக்கம் போகவில்லை.

முர்டோ விடுவானா? "யாரோட பீருன்னு முன்னாடியே தெரிஞ்சா ஆட்டத்துல இல்லை, அதுதான் சட்டம்" என்றான்.

"அத்தை போர்வை பேரைத்தானே சொன்னாங்க" என்றாள் ஹினேமோவா. "பேரன் பேரைச் சொன்னாங்களா?"

"அவன் பாட்டின்னு கூப்பிட்டானே!"

"இவங்களை நானும்தான் அத்தைன்னு கூப்பிடறேன். அப்போ இது என் பீரா?"

முர்டோ மார்க்கை எழுதிக்கொண்டான். ஆனால் லாக்லன் சிரிக்கவில்லை. "அப்போ இது நான் காய்ச்சின பீர் இல்லை, பாட்டி போர்த்தின பீர்" என்றான் பாவி. "டேய், மால்ட்டை ஊறவச்சது யாரு? ஹாப்ஸை அளந்தது யாரு? சின்ன வயசுல கரண்டு போனப்போ நான் உனக்கும்தான் போர்த்தி வளர்த்தேன், அதுக்காக நீ என்ன குதிரையா?" என்றேன். முர்டோதான் முதலில் சிரித்தான், அப்புறம் லாக்லனும் சிரித்துவிட்டான். அதற்கப்புறம் டேமியனோடு பேச உட்கார்ந்தவன் பெரில், மூடியைப் பற்றி, கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட்டைப் பற்றி, பேசுகிறான் பேசுகிறான், நோலீன் வெளியில் ஹார்ன் அடித்து ஓய்ந்துபோனாள். தெற்குத் தீவு ஷெட்டுகளெல்லாம் சேர்ந்து வைக்கிற போட்டிக்கு எங்கள் ஷெட் சார்பாக அவன் பீர்தான். பாட்டிலை இந்த மாதம் முர்டோ கழுவுகிறான். நேற்றே ஏப்ரன் கட்டிவிட்டோம்.

டிரம் பக்கம் இனிமேல் போகவே மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் லாக்லனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். டேமியனுக்கு சீஸ் ரோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆறிப்போயிருந்தது, தின்றார். நோலீன் மறுபடி போன் பண்ணினால், போர்வை துவைத்ததுதான் என்று அவளிடம் அழுத்திச் சொல். உன் கோழிகள் தினம் தவறாமல் இடட்டும், உன் நெஞ்சு இரைக்காமல் இருக்கட்டும், உன் வீட்டுக் கூரை பனி தாங்கட்டும்.

என்றும் உன்மேல் பிரியமுள்ள அக்கா,
நைரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது லாக்லன் வந்து நிற்கிறான். போட்டிக்கு அதே பீரை இன்னொரு டிரம் போடவேண்டுமாம், அந்த வாசனைக்குக் காரணமான உயிரெல்லாம் போர்வையில்தான் குடியிருக்கிறது என்று டேமியன் சொன்னாராம், "பாட்டி, அதை எடுத்துக் குடு, இந்தத் தடவை நீதான் போர்த்தணும்" என்கிறான். பெரில், உன்னிடம் மட்டும் சொல்கிறேன், பார்னி செத்த நாளிலிருந்து அந்தப் போர்வைமேல் தண்ணீர் பட்டதே இல்லை. மூடியையும் ஒரு தடவை இல்லை, போகவரத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நேற்று அத்தனை பேர் முன்னால் துவைத்தேன் என்று சொல்லிவிட்டேனே, பொய்யாகக் கூடாதே என்று வீட்டுக்கு வந்ததும் சோப்பும் கொதிநீரும் போட்டு இரண்டு தடவை துவைத்துவிட்டேன். இப்போது கொடியில் லாவண்டர் மணக்கத் தொங்குகிறது. உன் கொட்டகையில் இருக்கிற மற்றப் போர்வையை நாளைக்கு பஸ்ஸில் ஏற்றிவிடு. துவைக்காதே. உதறாதே. கோழி ஏதாவது அதன்மேல் அடைகாத்துக்கொண்டிருந்தால், கோழியை மட்டும் எடு.