நான்தாம்மா, அப்பா பேசறேன்

"இன்னும் அஞ்சே நிமிஷம், மேடம்" என்று கம்ப்யூட்டர் வாத்தியார் மறுபடியும் சொன்னார். தலைமையாசிரியை மறுபடியும் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் இந்த முறை சிரிக்கவில்லை.

பக்கத்து ஹாலில் பெற்றோர் கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று. 'இணைய ஆபத்துகளிலிருந்து பிள்ளைகளைக் காப்பது எப்படி?' என்று பேனரும் கட்டியாயிற்று. பேச வேண்டியவர் மட்டும் ஆபீஸ் அறையில் முழித்துக்கொண்டிருந்தார். டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கும் அவருக்கு, இன்றைக்கு நன்றாகப் பேசினால் இந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேச்சுக்கான படங்கள் எல்லாம் ஈமெயிலில். ஈமெயில் திறக்க ஓடிபி வேண்டும். ஓடிபி வரும் ஃபோனோ வீட்டில் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு பாடம் எடுக்கிற மனுஷன்!

மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டியில் ஃபோனைத் தொடமாட்டாள். நல்லவேளை, மகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்தாள். அவள் நம்பர் மனப்பாடம். ஆபீஸ் கிளார்க்கின் ஃபோனை இரவல் வாங்கி அடித்தார்.

"பாப்பா, அப்பா பேசறேன்டா. ஃபோனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், பார்த்துச் சொல்லு."



"ஓடிபியா? யார் நீங்க?"

வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு கிளார்க்கிடம் சொன்னார்: "பார்த்தீங்களா? தெரியாத நம்பர்லேர்ந்து வந்தா அப்பனையே நம்பக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"பலே சார்!" என்றார் கிளார்க்.

"சமர்த்துடா நீ. அப்பாவேதான் பேசறேன். குரல் தெரியலையா?"

"யார் குரல்ல வேணும்னாலும் இப்ப கம்ப்யூட்டரே பேசும். எங்கப்பா சொல்லியிருக்காரு."

"அதைச் சொன்னதே நான்தான்டா!"

"அப்படித்தான் சொல்லுவாங்கன்னும் சொல்லியிருக்காரு."

ஹாலில் யாரோ மைக்கைத் தட்டித் தட்டி "ஹலோ, ஹலோ" என்று உயிரை எடுத்தார்கள். அந்த இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. பெண்ணின் குரல் வேறு கரகரவென்று இருந்தது.

"தொண்டை கட்டியிருக்கா? ஃபிரிட்ஜ் தண்ணி குடிச்சியா?"

"பேச்சை மாத்தாதீங்க."

கதவிடுக்கில் தலைமையாசிரியையின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது.

"பாப்பா, அவசரம்டா!"

"அவசரம்னு சொன்னாலே அது ஏமாத்து வேலை."

"ஐயோ, விளையாடற நேரமா இது? இப்ப நம்பரைச் சொல்றியா, இல்ல, வீட்டுக்கு வந்து உன் ஃபோனைப் பிடுங்கி உடைக்கட்டுமா?"

"ஓ, மிரட்டவும் செய்யறீங்களா? சரி."

கிளார்க் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தார். "சார், அது என் நம்பர். எனக்கு ஏதாவது வம்பு வந்துடப் போகுது."

"என் பொண்ணுய்யா! சும்மா இரு." வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு குரலைத் தணித்தார். "பாப்பா, நீயே ஏதாவது கேள்வி கேளு. அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்ச கேள்வியா கேளு. பதில் சொல்றேன்."

"எனக்குப் பிடிச்ச கலர்?"

"மஞ்சள்!" குடை மஞ்சள், பை மஞ்சள், பல் தேய்க்கிற பிரஷ்கூட மஞ்சள். இதில் என்ன சந்தேகம்?

"தப்பு. எதைப் பார்த்தா எனக்குப் பயம்?"

"கரப்பான்பூச்சி. போன வாரம்கூட நாற்காலி மேல ஏறி நின்னியே!"

"நானா? கரப்பானை நான் கையாலயே பிடிப்பேன். கணக்குல நான் எப்படி?"

"கணக்குன்னா உனக்கு உயிராச்சே!"

"போன பரீட்சையில ஃபெயில்."

வாத்தியார் பொத்தென்று உட்கார்ந்தார். "ஃபெயிலா? என்கிட்ட சொல்லவே இல்லையேடா!"

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்?"

மைக் சத்தம் நின்றிருந்ததால் இது மட்டும் தெளிவாகக் கேட்டது. மகள் ஃபோனில் என்ன பார்க்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று ஒரு வருஷமாகத் தோண்டித் துருவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஃபெயிலாகி வந்து நின்ற முகத்தை மட்டும் பார்க்கத் தவறிவிட்டாரா? ஈமெயிலாவது, படமாவது! வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

"சரி, இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள் அவள், திடீரென்று மரியாதையாக.

அந்த மரியாதைக்கே அவர் உருகிப்போனார். பள்ளிக்கூடத்தின் பெயர், தெரு, ஆபீஸ் அறை எந்தப் பக்கம் என்பது வரைக்கும் ஒப்பித்தார்.

"அங்கேயே இருங்க. ஆள் வரும்."

"பக்கத்துத் தெருவுல இருக்கற என் மச்சான்கிட்ட ஃபோனைக் குடுத்து அனுப்பறா!" என்று வாத்தியார் கிளார்க்கிடம் சொன்னார். "என்ன இருந்தாலும் பெத்த பொண்ணு, பாருங்க."

தலைமையாசிரியை ஹாலுக்குப் போய், சிறிய தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்தார். யாரோ கொட்டாவி விட்டது மைக்கில் கேட்டது.

வந்தது மச்சான் இல்லை. வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு போலீஸ்காரர் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார். கூட்டத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து வாத்தியார் எழுந்து கைகுலுக்கப் போனார்.

"இங்கேர்ந்து ஒரு பொண்ணுக்கு ஃபோன் போட்டு ஓடிபி கேட்டது யாரு?"

"ஃபோன் மட்டும்தான் சார் என்னுது, வாய் அவருது" என்று கிளார்க் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

வாத்தியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "போலீசுக்கே சொல்லிட்டாளா? சார், அவ மேல எந்தத் தப்பும் இல்ல. நான் சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சிருக்கா. என் மேலதான் தப்பு. அவளுக்கு என்ன பிடிக்கும், எதுக்குப் பயப்படுவா, எதுல ஃபெயிலானா, எதுவுமே எனக்குத் தெரியல. கேட்ட ஒரு கேள்விக்குக்கூட சரியா பதில் சொல்ல முடியல. அவளுக்கு அப்பான்னு சொல்லிக்கவே எனக்கு யோக்யதை இல்ல சார்."

"சொல்லிக்காதீங்க" என்றார் போலீஸ்காரர். "அவளுக்கு அப்பா நான்."