எச்சில் மேடமும் கிளிமூக்கு மாங்காயும்

அடுத்தவர் வாயில் எச்சில் ஊற வைப்பதில் எச்சில் மேடத்தை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் கிடையாது. பட்டப்பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். ஒரகடம் பக்கத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் விரிவுரையாளர் அவர். நைட் ஷிஃப்ட் தொழிலாளியின் உடம்பை என்ன பாடுபடுத்துகிறது என்பதை எச்சிலை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய பிஎச்.டி. நைட் ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு தடவை துப்ப வேண்டும். பகல் ஷிஃப்ட்டுக்கு மாறியபின் இன்னொரு தடவை. அதே துறையில் டியூட்டராக இருந்த பாவத்துக்கு, எச்சில் குழாய்களை வைக்கும் ஐஸ் பெட்டி என் தலையில்.

விடிந்ததும் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே அந்தோணி அண்ணன் டீக்கடை வாசலில் நிற்போம். துப்புவதற்கு முன் டீ குடிக்கக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

"இன்னா மேடம் இது? துப்பாதேன்னு போர்டு மாட்டி வெச்சிகீறேன். நீங்க இன்னாடான்னா துப்பு துப்புன்னு கெஞ்சிகினு கீறீங்க!"

ராத்திரி முழுக்க வேலை செய்தவன் வாய் காய்ந்து கிடக்கும். அப்போது மேடம் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பிப்பார்: "கிளிமூக்கு மாங்காயக் கீத்து கீத்தா வெட்டி, உப்பு, மொளகாத்தூள் தூவி, பல்லுல வெச்சு நறுக்குன்னு..." குழாய்கள் நிரம்பிவிடும். எதிர் கேட் செக்யூரிட்டிகூட எச்சிலை விழுங்குவார்.

இரண்டாவது தடவைதான் வினை வந்தது. யார் தண்ணி அடித்தார்கள் என்று எச்சிலில் தெரிந்துவிடுமாம், ரிசல்ட் நேராக எச்.ஆருக்குப் போகுமாம் என்று எவனோ கிளப்பிவிட்டான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது எச்சில் கிடைக்காவிட்டால் ஆராய்ச்சி அம்போ. மேடம் மாங்காயை எவ்வளவு உருக்கமாக வர்ணித்தும் எனக்கு மட்டும்தான் ஊறியது.

"ரிசல்ட் யாருக்குப் போவும் மேடம்?" என்றார் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் வேலு.

"குழாய்ல நம்பர்தான், பேர் கிடையாது. கடைசில என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க வேலு. யார் வேணா வரலாம், யார் வேணா கேக்கலாம். நீங்க எல்லாரும் வாங்க. உங்க முன்னாடிதான் சொல்லுவேன்."

வேலு டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாயை வாங்கினார். மற்றவர்களும் வந்தார்கள்.

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்குப் பொதுமக்கள் வரலாம் என்பது விதி. சமோசாவுக்காகத் தவிர யாரும் வருவதில்லை என்பது வழக்கம். அன்று தொழிலாளர்கள் ஷேர் ஆட்டோக்களில் யூனிபார்மோடு வந்து இறங்கினார்கள். அந்தோணி அண்ணன் டீ கேனோடு வந்தார். வெளியூர்த் தேர்வாளர் சம்பிரதாயத்துக்கு, "பொதுமக்கள் யாராவது கேட்கிறீர்களா?" என்றார். வேலு எழுந்தார்.

"நைட் முடிச்சி வூட்டுக்குப் போனா தூக்கமே வர மாட்டேங்குது மேடம். போனை நோண்டிகினு கீறேன்னு பொஞ்சாதி திட்டுது. எச்சில் இன்னா சொல்லுது? தப்பு என் மேலயா?"

அதுவரை இங்கிலீஷில் பொரிந்து கொண்டிருந்த மேடம் மைக்கைக் கீழே வைத்தார். "இல்ல வேலு. நீங்க படுக்கிற நேரத்துலதான் உங்க உடம்பு முழிச்சுக்குது. எல்லாரோட எச்சிலும் அதைத்தான் சொல்லுது. உங்க மேல தப்பே இல்ல."

வேலு கையிலிருந்த போனை முகத்துக்கு நேரே தூக்கினார். வீடியோ காலில் மனைவி. "கேட்டுகினியாடி?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இவ்வளவு எச்சிலை எப்படிச் சேகரித்தீர்கள் என்று தேர்வாளர் கேட்க, மேடம் கண்ணை மூடினார். மாங்காயில் மிளகாய்த்தூள் விழுவதற்குள் தேர்வாளர் வாயைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடினார். பட்டம் கிடைத்துவிட்டது.

இப்போது அவர் டாக்டர். டீக்கடைக்கு இன்னும் எச்சில் மேடம்தான். அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார். மேடம், அடுத்த ஆராய்ச்சி ஆரம்பித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஐஸ் பெட்டியை நானே தூக்குகிறேன். மாங்காயெல்லாம் சொல்ல வேண்டாம், கூப்பிட்டாலே போதும்.