பாறையில் ஒரு மாட்டுத்தலை

படித்துவிட்டோம் என்ற நினைப்பு தலைக்கேறினால் பெற்றவரையே அடையாளம் தெரியாமல் போய்விடும். எனக்குப் போனது.

திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இருந்தது ஒரே இடம். எகிப்தின் சினாய்ச் சுரங்கங்களில் கிடைத்த ஆதி செமிட்டிக் எழுத்துகளைக் கரைத்துக் குடித்திருந்தேன் (செரித்ததா என்பது வேறு விஷயம்). மாட்டுத்தலைப் படம் தேய்ந்து 'அலெஃப்' ஆனது. கிரேக்கர் கைக்குப் போய், திரும்பி நின்று, கடைசியில் ஆங்கிலத்தின் முதல் எழுத்தானது. தண்ணீரைக் காட்டும் நெளிகோடு 'மேம்' ஆனது. அதே மாட்டுத்தலையும் நெளிகோடும் புத்தலப்பட்டில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லைக்குப் பக்கத்துப் பாறையில் இருந்தால் விடுவேனா? நேர்முகத் தேர்வில் புகைப்படத்தை எடுத்து வைத்தேன்.

"சினாய்க்காரர்கள் சித்தூருக்கு வந்திருக்கிறார்கள், மேடம்!"

நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பேராசிரியை சொன்னார். மறுவாரம் ஜீப் வந்தது. பாறை மேல் நின்று முழங்கினேன். கொல்லையிலிருந்து, மடித்துக் கட்டிய லுங்கியும் சேற்றுக் கையுமாக என் அப்பா, எங்கள் நைனா, வந்து நின்றார்.

"ஈயன எவரு?" என்று பேராசிரியை தெலுங்கில் கேட்டார்.

"யாரோ ஊர்க்காரர், மேடம்."

அது நைனா காதில் விழுந்தது. முகம் மாறவில்லை.

"இன்னா சார் பாக்கறீங்க?" என்றார், என்னிடம்.

பெற்ற அப்பனுக்கு நான் விளக்கம் வேறு சொன்னேன். மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தைய எழுத்து என்றேன்.

"இதுவா? நான்தான் சார் கொத்துனேன். இங்க கல்லு ஒடச்சிக்கினு இருக்கச்சொல்ல எம் பாறை எதுன்னு தெரியணும்ல? எழுதப் படிக்கத் தெரியாது. வூட்ல மாடு இருந்துச்சு, அது மூஞ்சியப் போட்டேன். இது ஏரித்தண்ணி. ஏரிப்பக்கத்துப் பாறைன்னு அர்த்தம்."

பேராசிரியை சிரிக்கவில்லை. குனிந்து அந்தக் கொம்புகளைத் தடவிப் பார்த்தார்.

"சினாயில முதல்ல கீறினவங்களும் படிக்காத சுரங்கக் கூலிங்கதான்னு ஒரு கருத்து உண்டே. நீங்க படிக்கலையா?"

படித்திருந்தேன். அடிக்கோடே போட்டிருந்தேன். வெட்கத்தில் கண் கலங்கியது.

"இவர் எங்க நைனா, மேடம்" என்றேன்.

"தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

அந்த வருடம் இடம் வேறொருவருக்குப் போனது. எனக்கு அடுத்த வருடம் கிடைத்தது. நான் பட்டம் வாங்கிய அன்று, அரங்க வாசலில் நைனாவை யாரோ, "நீங்க யாருங்க?" என்று கேட்டார்கள். அவர் கைகூப்பி, "யாரோ ஊர்க்காரன் சார்" என்றார்.

இன்றும் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.