ஷேக் துல்பாவின் பச்சைத் துணி

போன கோடையில் அலெக்சாந்திரியாவில் எங்கள் அன்ஃபூஷி வட்டாரத்தில் இருமாத ஆம்பளை கிடையாது. எல்லார் கையிலும் வேப் என்கிற மின்சிகரெட், எல்லார் தொண்டையிலும் எரிச்சல். வேப் இழுப்பதால்தான் எரிகிறது என்று ஒத்துக்கொண்டால் கதை சப்பென்று முடிந்துவிடுமே. அதனால் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஒருவன் பொதியாகப் புகை விடுவான். பக்கத்து மேசைக்காரன், "அடேயப்பா, என்னா புகை" என்பான். கண் படாமலிருக்க "மாஷா அல்லாஹ்" சொல்ல மறந்திருப்பான். மறுநாள் புகை விட்டவன் இருமினால் குற்றவாளி தயார். காபிக்கடை நடத்துகிற நான் பாதி நேரம் இந்தப் பஞ்சாயத்துதான் பண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஷேக் துல்பா. அதற்கு முன்பு கைபேசி பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். ஷேக் பட்டம் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள், அவரே எடுத்துக்கொண்டார். மருந்துக்கடை மாடியில் அவர் வீடு. கீழே மருந்து வாங்க ஆளில்லை, மேலே படிக்கட்டு முழுக்க வரிசை. கண் பட்ட வேப்பில் ஜின் பூதம் குடியேறிவிட்டது என்று சொல்லி அதை வாங்குவார், பச்சைத் துணிக்குள் வைப்பார், முணுமுணுப்பார், ஜின்னுக்காகத் தானே நாலு தடவை இருமுவார். தட்டில் காணிக்கை விழுந்ததும் திருப்பிக் கொடுப்பார், இழுத்துப் பார்த்தால் தொண்டை பஞ்சுமெத்தை. "கொஞ்ச நாள்ல திரும்ப வரும், நீயும் திரும்ப வா" என்று அனுப்பிவைப்பார். ஜின்னும் சொன்னபடி வந்தது. எங்கள் ஊர் பஸ்ஸுக்குக்கூட அந்த ஒழுங்கு இல்லை.

இதில் வசமாக மாட்டியவன் சமீஹ். கல்யாண ஊர்வலங்களில் பாடுகிறவன். குரல்தான் அவன் சோறு. அந்தக் குரல் உச்சத்துக்குப் போனால் கரகரத்தது. துல்பா அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சொந்தத்துல நீலக் கண்ணு யாருக்காவது இருக்கா?"

அலெக்சாந்திரியாவில் நீலக் கண் சொந்தம் இல்லாத வீட்டைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சமீஹுக்கு வாய்த்த நீலக் கண், அவன் மனைவி ஈனாஸின் தம்பி வஜ்தி. அதோடு முன்பல்லில் சந்து வேறு. எங்கள் ஊர்க் கணக்கில் இந்த இரண்டும் சேர்ந்தால் கண் வைப்பதில் பீரங்கி. அதே வஜ்திதான் சமீஹ் குழுவில் மேளக்காரன். சமீஹ் அவனை மேளத்தோடு வெளியே அனுப்பினான். வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது என்றான். வியாழக்கிழமை துறைமுகத்துக்காரர் வீட்டுப் பெரிய கல்யாணம். சமீஹுக்குக் குரலும் இல்லை, மேளமும் இல்லை.

ஈனாஸ் பெண்களுக்கு நகம் அலங்கரிக்கிற கடை வைத்திருக்கிறாள். அழுகிற ரகம் இல்லை. என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஹாஜி, என் வாடிக்கைக்காரிங்க எப்ப திரும்ப வருவாங்க தெரியுமா? நகப்பூச்சு உரிஞ்சா வருவாங்க. இந்த ஜின்னும் அப்படித்தான் கணக்கா வருது. அது ஜின்னு இல்ல, என் தொழில்காரன் எவனோ."

கூட வந்த சமீஹ் வேப்பை என் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தான். அவள் அதன் அடியைக் கழற்றினாள். உள்ளே பேரீச்சங்கொட்டை அளவில், சூடேறிப் புகை கிளப்புகிற ஒரு கம்பிச்சுருள், 'காயில்' என்பார்கள், நடுவே பஞ்சு. பஞ்சு கரிப்பிடித்திருந்தது. கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துக் காயிலின் அடியில் ஒரு பொட்டு வைத்தாள். ஊதிக் காயவைத்து மறுபடி பூட்டினாள்.

"மருந்துக்கடை மாடிக்கு நீங்களும் வாங்க. சாட்சி வேணும்."

போனோம். துணி, முணுமுணுப்பு, இருமல் எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. சமீஹ் இழுத்தான். முகம் மலர்ந்தது. படிக்கட்டு வரை பெருமூச்சு விட்டார்கள்.

"ஷேக், இத நான் கொஞ்சம் திறந்து பாக்கலாமா?" என்றாள் ஈனாஸ்.

"வேணாம்மா. பொம்பளக் கை பட்டா ஜின்னு திரும்பிடும்."

"என் புருஷனோட ஜின்னுதான, என்கூடப் பழகினதுதான்."

அவர் கை நீட்டுவதற்குள் கழற்றிவிட்டாள். உள்ளே பளபளவென்று புதுக் காயில். பஞ்சு வெள்ளைவெளேர். சிவப்புப் பொட்டு இல்லை.

"காலைல நான் இதுக்கு நகப்பூச்சு வச்சேன். ஹாஜி பாத்தார். அத அழிக்க என் கடையிலயே திராவகம் வேணும். உங்க ஜின்னு எதால அழிச்சுது, எச்சிலாலயா? அந்தத் துணியக் கொஞ்சம் ஒதறுங்க."

துல்பா துணியை மார்போடு அணைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற கசாப்புக்காரர் அன்போடு வாங்கி உதறினார். காணிக்கைத் தட்டில் விழுந்தன கருகிய காயில்கள், கலகலவென்று. ஒன்றன் அடியில் சிவப்புப் பொட்டு.

"அது... ஜின்னுதான் அங்க வச்சிருக்கும்" என்றார் துல்பா.

"ஜின்னுக்குச் சில்லறைக் கடை வேறயா?" என்றார் கசாப்புக்காரர். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. சிரிப்பு வந்த இடத்தில் ஷேக் எப்படி நிற்பார்? பின்படிக்கட்டு வழியே போனவர் போனவர்தான். பின்னாலிருந்து ஒரு மகராசன் மட்டும், "அந்தத் துணிய விப்பாங்களா?" என்று கேட்டான். அப்படி ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறான், என்ன செய்ய.

சமீஹ் தலை குனிந்து நின்றான். "அப்ப வஜ்தி..."

"பஞ்சு கருகினதுக்கு என் தம்பி கண்ணு என்னங்க பண்ணும்? புதுப் பஞ்சு போட்டாலும் நீங்க இழுக்குற இழுப்புல மறுபடி கருகத்தான் செய்யும். பாடுற தொண்டைங்க அது. புகைக்கூண்டு இல்ல."

எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. அன்று மாலையே ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடு மச்சினன் வீட்டுக் கதவைத் தட்டினான். வஜ்தி திறந்தான். பல் சந்து தெரியச் சிரித்தான்.

"என்ன மச்சான், கண்ணு பட்டுடாது?"

"படட்டும்டா. நல்லா உத்துப் பாரு. மேளத்த எடுத்துட்டுக் கிளம்பு."

வியாழக்கிழமை ஊர்வலத்தில் சமீஹ் பாடினான். வேப் ஈனாஸின் மேசை இழுப்பறைக்குள் நகப்பூச்சுப் புட்டிகளோடு பூட்டிக் கிடந்தது. கையில் சோம்புத் தண்ணீர். குரல் முழுசாகத் திரும்பவில்லை, ஆனால் உச்சத்தில் உடையவில்லை. பக்கத்தில் நீலக் கண்ணன் அவனையே பார்த்தபடி மேளத்தைப் பிளந்துகொண்டிருந்தான்.

என் கடையில் இன்னும் சிலர் இருமுகிறார்கள். இருமிவிட்டு, நேற்று யார் நம்மைப் பார்த்தது என்று சுற்றிலும் தேடுகிறார்கள். ஐயா, ஊரார் கண்ணை அப்புறம் தேடலாம். முதலில் உங்கள் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கி, கையில் என்ன பிடித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.