சந்தனப் பொட்டு வைத்த ஸ்விட்ச்

பகல் கனவு காண்கிறவன் கையில் யாரும் கேபிளைக் கொடுக்கக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், துடியலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான்தான் கம்ப்யூட்டர் ஆள். காங்கேயத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பையன் எப்படி என்று சொல்ல வேண்டியவர் பெண்ணின் தாய்மாமன். எங்கள் மில்லிலேயே டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். அவர் ‘சரி’ என்றால்தான் கல்யாணம். (என் தலையெழுத்து பக்கத்துக் கட்டிடத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது.)

ஆபீசில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகள் இரண்டை அடுக்கி ஒன்றாக்கியிருந்தேன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள், சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் கட்டிடத்துக்குப் போகும். இரண்டும் சேர்ந்து ஒரே பாதை என்று இரு முனைப் பெட்டிகளுக்கும் செட்டிங்கில் சொல்லி வைத்துவிட்டால் தாங்கும் பாரம் கூடும். ஒன்று அறுந்தாலும் மற்றது காப்பாற்றும். சொல்லாமல் செருகினால், போன தகவலே திரும்பி வந்து, சுற்றோ சுற்றென்று சுற்றி, மொத்த ஆபீசையும் முடக்கிவிடும். அதனால் கீழ்ப்பெட்டியின் கேபிளைச் செருகாமல் தொங்கவிட்டிருந்தேன். சொல்லி வைக்கிற வேலையைப் போட்டோ நினைப்பில் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளியம்மா பெட்டிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்.

“ஏனுங்க தம்பி, அந்த ஒயரு சும்மா தொங்குதுங்களே. அதையும் மாட்டிப்போடுங்க, பூசையில இருக்கட்டும்.”

நான் அப்போது காங்கேயத்தில் இருந்தேன். மாட்டிவிட்டேன்.

பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் படபடவென்று மின்ன ஆரம்பித்தன. சாம்பிராணிப் புகைக்குள் அந்த வெளிச்சம் மிதந்தது. அத்தனை அழகு! எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் சொக்கிப்போய் நின்றேன்.

டெஸ்பாட்சிலிருந்து பெண்ணின் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். “தம்பி, கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோச்சுங்க! தூத்துக்குடி லாரி பில்லுக்காவ நிக்குது. கப்பலை உட்டுருவமுங்க!”

சொப்பனம் கலைந்தது. கேபிளை நோக்கிக் கையை நீட்டினேன்.

“தொடாதீங்க தம்பி!” என்றார் முதலாளியம்மா. “பூசை போட்டதை நாளைக்குத்தான் எடுக்கோணும்.”

உண்மையைச் சொன்னால் பெண் போச்சு. சொல்லாவிட்டால் கப்பலும் போச்சு, பெண்ணும் போச்சு. தடாலென்று பெட்டிகளுக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். (கோயிலுக்கே புளியோதரைக்காகப் போகிறவன் நான்.) எழும்போது, பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சாக்கில் கேபிளை உருவிவிட்டேன். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன.

“பில்லு வருதுங்க!” என்று டெஸ்பாட்சிலிருந்து யாரோ கத்தினார்கள்.

மாமா அன்றைக்கே காங்கேயத்துக்குப் போன் போட்டார். “பையன் தங்கமுங்க. உழுந்து கும்புட்டான் பாருங்க, நின்ன மிசினு ஓடுதுங்க!”

கல்யாணம் நடந்தது. இன்றும் ஆயுத பூஜையன்று மாமனார் வீட்டில் கிரைண்டர், டிவி, பம்புசெட் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றின் முன்னாலும் மாப்பிள்ளை விழுந்து எழ வேண்டும். உண்மை தெரிந்தவள் என் மனைவி மட்டும்தான். கற்பூரத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டு, என் காதில் மட்டும் விழும்படி கேட்பாள்:

“ஏனுங்க, இப்ப எந்த ஒயரைப் புடுங்கப் போறீங்க?”