கியர் பெட்டியிலிருந்து ஒரு சம்பிரதாயம்

சம்பிரதாயங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று யாருக்கும் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் ஒன்று பிறந்தபோது நான் உடனிருந்தேன். சரியாகச் சொன்னால், ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்திருந்தேன்.

நான் ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அதாவது, அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறேன். (இதே வேலையை இலவசமாகச் செய்யும் சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு.) சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பெண் எடுத்தது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில். மாமனாருக்கு ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும். இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கிளட்சே இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

என் மனைவி சுமதியின் தங்கை கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்த சமயம். வெள்ளிக்கிழமை, கிருஷ்ணகிரியில் மண்டபம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தார்.

"மாப்பள, வண்டிக்கு அடியில செவப்பா சொட்டுதுங்க."

சிவப்பு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் எண்ணெய்தான் அந்த நிறத்தில் இருக்கும். சின்ன ஒழுகல். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாமா பயந்தது காருக்காக இல்லை, கவிதாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அத்தைக்காக.

அந்த அத்தை கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். சகுன விஷயத்தில் ஒரு சோதனைச் சாவடி. நிச்சயத்துக்கு முதலில் குறித்த தேதியை அவர்தான் தள்ளிவைத்தார். காரணம், அன்று காலை அவர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கவில்லை.

"மண்டபத்து வாசல்ல வண்டிக்கு அடியில செவப்பா ஒரு சொட்டு கண்டாங்கன்னா போதும், அந்தம்மா அப்பிடியே பஸ் ஏறிடுவாங்க. கவிதா கல்யாணம் அவ்ளோதான்" என்றார் மாமா.

"வேற வண்டியில போயிடலாமே மாமா?"

"அது என்னாத்துக்கு? கால் போயிடுச்சு, ஆளு முடிஞ்சான்னு ஊரே பேசுது. எம்பொண்ண நானேதான் ஓட்டியாந்து எறக்கணும்."

மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டார். நான் ஒருவன் இருக்கும்போது மெக்கானிக் எதற்கு? புதிய எண்ணெய் டப்பா ஒன்றையும், கம்பெனியில் கற்ற அத்தனை அறிவையும் எடுத்துக்கொண்டு பாரூர் போய் இறங்கினேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. எந்தக் குறை வந்தாலும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். பதில் வந்தால் அதற்கும் "ஏன்?" இப்படியே தோண்டிக்கொண்டு போனால் அடிக்காரணம் கிடைக்கும். முறை என்றால் முறைதானே. வாசலில் நாற்காலி போட்டு மாமாவை உட்கார வைத்தேன்.

"ஏன் ஒழுகுது மாமா?"

"அதுக்குத்தானுங்களே உங்களக் கூப்பிட்டேன்."

"பரவால்ல, தோணுறதச் சொல்லுங்க. ஏன் ஒழுகுது?"

"எங்கியாச்சும் லூசாயிருக்கும்."

"ஏன் லூசாச்சு?"

"பழைய வண்டிங்க."

"ஏன் பழைய வண்டி வாங்குனீங்க?"

"புதுசு வாங்கக் காசில்லீங்க."

"ஏன் இல்ல?"

மாமா தென்னை மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெரிய பொண்ணு கல்யாணத்துல செலவாயிடுச்சுங்க மாப்பள" என்றார்.

அடிக்காரணம் நான்தான் என்று முறைப்படி நிரூபணமாகிவிட்டதால் விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டு காரின் அடியில் புகுந்தேன்.

ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அடிப்பாகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கீழே வெள்ளையாக ஏதாவது விரிக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை ஒவ்வொரு இடமாக நகர்த்த வேண்டும். பிறகு அணைத்துவிட்டுப் பார்த்தால், சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே குற்றவாளி இருப்பான்.

வெள்ளைக்கு என்ன செய்வது? இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஊரில் நடக்கும் எல்லா விசேஷத்துக்கும் பேனர் வைப்பார்கள். விசேஷம் முடிந்ததும் அந்த பேனர் வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கூரையாகும். யாரோ ஒருவருடைய பூப்புனித நீராட்டு விழாவின் கீழ்தான் மாமா வீட்டு எருமைகள் படுத்திருந்தன. ஸ்டோர் ரூமில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இன்னும் சில சுருள்கள் நின்றிருந்தன. அதில் வெளிப்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்த ஒன்றை உருவினேன். தரம் பார்த்து எடுப்பது என் தொழில் அல்லவா. அச்சடித்த பக்கத்தைத் தரையில் கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரித்து, அதன் மேலேயே படுத்தேன்.

வேலை நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பெட்டியின் அடித்தட்டில் ஒரு மூலையில் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. எதிரெதிர் மூலையாக, அளவாக முறுக்கினேன். (வேகமாக முறுக்கினால் உள்ளே எண்ணெயை அடைத்து நிற்கும் கேஸ்கட் நசுங்கிவிடும். இதை யாரும் கேட்காமலே மாமாவுக்கு விளக்கினேன்.) குறைந்த எண்ணெயை ஊற்றி அளவு பார்த்தேன். மறுபடி ஓடவிட்டால் சொட்டுகூட இல்லை. மாமா என் தோளைத் தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அத்துடன் விட்டிருக்கலாம். நாகரிகமில்லாத மனிதனாக இருந்திருந்தால் அந்த பேனரை அங்கேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். யாராவது பார்த்திருப்பார்கள், திட்டியிருப்பார்கள், புதிதாக ஒன்று அடித்திருப்பார்கள். ஆனால் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று கம்பெனிச் சுவரில் எழுதியிருக்கிறதே. சுத்தமாக, இறுக்கமாக, ஓரம் பிசகாமல் சுருட்டி, மூட்டைக்குப் பின்னால் அதே இடத்தில் நிறுத்திவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாமா பட்டு வேட்டியில், பக்கத்தில் கவிதாவை உட்கார வைத்து, தானே ஓட்டிவந்து மண்டப வாசலில் நிறுத்தினார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. நான் குனிந்து காரின் அடியைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. என் பின்னாலேயே மாப்பிள்ளையின் அத்தையும் குனிந்து பார்த்தார். எதற்குப் பார்க்கிறோம் என்று தெரியாவிட்டாலும், குறை தேடுவதில் அவரும் எங்கள் பிரிவுதான். ஒன்றும் கிடைக்காமல் நிமிர்ந்தார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மோதிரமே போட்டுவிடுவார் போலிருந்தது.

அப்போதுதான் மாமாவின் தம்பி, வேனில் கொண்டுவந்த வரவேற்பு பேனரை வாசலில் கட்டி, சுருளை அவிழ்த்துவிட்டார்.

அந்த வெள்ளைச் சுருளின் மறுபக்கத்தை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஒருபுறம் கவிதா, மறுபுறம் மாப்பிள்ளை, கீழே கைகூப்பியபடி மாமாவும் என் மாமியாரும், 'வருக வருக'. பின்பக்கத்து எண்ணெய், இறுகச் சுருட்டியதில் முன்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கவிதாவின் நெற்றியில் ஒரு சிவப்பு. மாப்பிள்ளையின் கன்னத்தில் ஒன்று. மாமா கூப்பிய கைகளில் ஒன்று. ஒரே அளவு, ஒரே இடைவெளி. இவ்வளவு சீரான குறையை நான் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு சொட்டு தெரியக் கூடாது என்றுதான் அத்தனை பாடும். அதைத்தான் நான் ஆளுயரத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

"ஏனிது, என்ன இது?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தார் மாப்பிள்ளையின் அத்தை. "ரத்தமா இது?"

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ரத்தம் இல்லீங்கம்மா, இது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்..."

சுமதி என் காலை மிதித்தாள். கிளட்ச் இல்லாத வண்டியின் விவகாரத்தில் அது ஒன்றுதான் கிளட்ச்.

"ஆலம்ங்க, ஆரத்தி" என்றார் மாமா. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. "எங்க பக்கம் மனுசங்களுக்கு மட்டும் இல்லீங்க, பேனருக்கும் ஆலம் சுத்தி மேல தெளிச்சிடுவோம். படத்துக்கும் கண்ணு படுமில்லீங்களா?"

அத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "ஆலம்னா தண்ணியா இருக்கணும். இது எண்ணெ மாதிரி இருக்கே."

"நல்லெண்ணெயில கொழைச்சதுங்க."

முகர்ந்தார். "என்ன இது, ஒரு வாசனெ?"

"மூலிகைங்க. யாரு வேணா பண்ண முடியாது. மூத்த மருமகன் கையாலதான் தெளிக்கணும்." மாமா என்னைக் கை காட்டினார். "காலைலேருந்து விரதம்."

(காலையில் ஏழு இட்லி சாப்பிட்டிருந்தேன்.)

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் பேனரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஒள்ளே சம்பிரதாய" என்று மெச்சினார். அதோடு நிற்காமல், கவிதாவின் படத்திலிருந்து விரலில் கொஞ்சம் வழித்து, பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் நெற்றியில் இட்டுவிட்டார். தோலில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று டப்பாவில் எழுதியிருந்தது எனக்கு நினைவு வந்தது. நிச்சயம் முடியும்வரை நான் பெண்ணைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்க்கவில்லை, அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. நல்ல எண்ணெய்.

கல்யாணம் நெருங்கியபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "பேனருக்கு ஆலம் மறந்துடாதீங்க." மறக்கவில்லை. அதைப் பார்த்து அவர்கள் சொந்தத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஆனேக்கல் வரைக்கும் போயிருக்கிறது. போன மாதம் கவிதாவின் பையனுக்கு ஓசூரில் காதுகுத்து. வீடியோ எடுப்பவரிடம் அத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பாரூர் பக்கம் ஏழு தலைமுறையாக இருக்கும் வழக்கமாம் இது.

நான் மஞ்சளும் சுண்ணாம்பும் நல்லெண்ணெயும் கலந்த தட்டோடு, இட்லி சாப்பிடாமல், ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். மூத்த மருமகன் ஆயிற்றே.

ஏணியைப் பிடித்துக்கொள்ள மாமாதான் வருவார், எப்போதும். அன்றும் காரைத் தானே ஓட்டிவந்திருந்தார். கீழேயிருந்து மெதுவான குரலில் ஆரம்பித்தார்.

"ஏன் மாப்பள தெளிக்கறீங்க?"

"வழக்கம் மாமா."

"ஏன் வழக்கமாச்சுங்க?"

இரண்டாவது 'ஏன்' வந்ததுமே, அடிக்காரணம் வரை தோண்டவிடாமல், தட்டில் கையை விட்டுத் தெளிக்க ஆரம்பித்துவிடுவேன்.